அயோவா அணியின் 25 புள்ளிகள்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் தனது விளையாட்டுத்துறை ஊழியர் ஒருவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத் திருத்தம் பகிரங்கமானது. அந்த ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 9 இலட்சம் டொலரிலிருந்து 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலராகக் குறைக்கப்பட்டிருந்தது. அத்துடன் இரண்டு நிபந்தனைகளும் எழுதப்பட்டிருந்தன. வரும் பருவத்தில் அணி ஆகக் குறைந்தது ஏழு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 25 புள்ளிகள் பெற வேண்டும். இவை நிறைவேறினால் மட்டுமே அவரது பதவி நீடிக்கும்.

அந்த ஊழியர் பிரையன் பெரென்ஸ். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் அயோவா அணியின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்றுவிப்பாளர். அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கேர்க் பெரென்ஸ், பிரையனின் தந்தை.

தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் பயிற்றுவிப்பாளரைத் தண்டிப்பதில் புதுமை எதுவும் இல்லை. அயோவாவோ வென்றுகொண்டிருந்த அணி. 2021இல் 10 வெற்றிகள், 2022இல் 8 வெற்றிகள். வென்றுகொண்டிருக்கும் ஓர் அணியின் ஒரு பாதி மட்டும் படுமோசமாக இயங்குகிறது என்றால் அந்த வெற்றியை யார் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு விடை காணவே அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் கேள்வி ஒப்பந்தத்தைவிடப் பழையது. அதன் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்கிறது.

அயோவா என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அயோவா நகரத்தில் நடைபெறும் சர்வதேச எழுத்தாளர் நிகழ்ச்சித்திட்டத்துக்கு 1973இல் சென்றிருந்த அசோகமித்திரன், அந்த அனுபவத்தைக் கொண்டே 'ஒற்றன்' நாவலை எழுதினார். அந்த நாவலில் வரும் சிறிய பல்கலைக்கழக நகரமே இந்தக் கதையும் நிகழும் இடம். சோளமும் பன்றி வளர்ப்பும் பிரதானமாக உள்ள அந்த மாநிலத்துக்குப் பெரும் தொழில்முறை அணிகள் எவையும் கிடையா. ஆகவே இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் பல்கலைக்கழக மைதானத்தில் திரள்கின்றனர். அங்கே கல்லூரி அணிதான் மாநிலத்தின் அணி.

ஆட்டத்தின் அடிப்படையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நாம் உதைபந்தாட்டம் என்று சொல்லும் விளையாட்டு வேறு, இது வேறு. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளிகள்; அதன் பின் உதைக்கும் உதை கம்பங்களுக்கிடையே சென்றால் மேலும் ஒன்று. ஓடிச் சேர இயலாதபோது தரையில் நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளிகள்; இதற்கு பீல்ட் கோல் என்று பெயர். பந்து வைத்திருப்பவரை அவரது சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிவிட்டால் தடுத்த அணிக்கு இரண்டு புள்ளிகள், இது சேப்டி.

மூன்று முயற்சிகளிலும் முன்னேற முடியாத அணி, நான்காவதில் பந்தைக் கையிலிருந்து விட்டுத் தொலைதூரம் உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடும். இதுவே பன்ட். அதாவது பன்ட் என்பது தாக்குதல் தோற்றுவிட்டது என்பதன் ஒப்புதல். ஆயினும் நன்றாக உதைக்கப்பட்ட பன்ட் எதிரணியைத் தன் சொந்த எல்லையின் ஓரத்தில் முடக்கிவிடும். பந்தைக் கொடுத்துவிட்டு நிலத்தைப் பெறும் பண்டமாற்று அது. கிரிக்கெட்டில் 120 ஓட்டங்களுக்குள் சுருண்ட ஓர் அணி, தன் பந்துவீச்சாளர்களின் திறமையால் எதிரணியை 110க்குள் மடக்கி வெல்வதை நாம் கண்டிருக்கிறோம். அயோவா அப்படிப்பட்ட ஆட்டங்களையே பருவம் முழுவதும் ஆடிய அணி.

இனி 1939க்குச் செல்வோம். அதற்கு முந்திய ஆண்டு அயோவா எட்டு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தது. புதிய பயிற்றுவிப்பாளர் எடி அண்டர்சனிடம் தேறிய வீரர்கள் மிகச் சிலரே இருந்தனர். அக்காலத்து விதிகள் வீரர்களை விருப்பம்போல் மாற்ற இடமளிக்கவில்லை. தாக்குபவர்களே தடுக்கவும் வேண்டும்; ஓடுபவரே உதைக்கவும் வேண்டும். ஆட்டத்தின் 60 நிமிடங்களும் களத்தில் நின்ற அந்த வீரர்களுக்கு 'இரும்பு மனிதர்கள்' என்ற பெயர் நிலைத்தது. அவர்களுள் முதல்வர் நைல் கின்னிக்.

அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி அயோவா பேர்டியூ அணியை 4–0 என்ற கணக்கில் வென்றது. நான்கு புள்ளிகளும் இரண்டு சேப்டிகளால் வந்தவை; எதிரணி உதைத்த பன்ட்களைத் தடுத்துப் பெற்றவை. தாக்குதலால் ஒரு புள்ளிகூட வரவில்லை. அடுத்த வாரம் நவம்பர் 11ஆம் திகதி, அதுவரை தோல்வியறியாத நோட்டர் டேம் அணி அயோவா நகருக்கு வந்தது. கின்னிக் ஒரு டச்டவுன் பெற்றார். அதன் பின்னான மேலதிகப் புள்ளியையும் அவரே உதைத்தார். முடிவு 7–6. ஆனால் அந்த ஆட்டத்தின் உண்மையான கதை வேறிடத்தில் இருக்கிறது. கின்னிக் அன்று 16 முறை பன்ட் செய்தார். மொத்தம் 731 யார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் உதைத்த 63 யார் பன்ட் நோட்டர் டேமை அதன் சொந்த எல்லைக்கருகே கொண்டுபோய் நிறுத்தியது. அத்துடன் ஆட்டம் முடிந்தது எனலாம்.

பதினாறு முறை பந்தை எதிரணியிடம் ஒப்படைத்த அந்த ஆட்டம் அயோவாவின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்றது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது கின்னிக்குக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த வேளையில் நியூயோர்க்கில் அந்த விருதைப் பெற்றுப் பேசிய அவர், போர்க்களத்தில் அல்லாமல் விளையாட்டுக் களத்தில் நிற்கக் கிடைத்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்னார். நான்கு ஆண்டுகள் செல்லுமுன், 1943 ஜூன் 2ஆம் திகதி, கடற்படை விமானியாகப் பயிற்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்தபோது வெனிசுவேலாவுக்கு அப்பாலுள்ள கடலில் அவரது விமானம் வீழ்ந்தது. வயது 24. உடல் கிடைக்கவில்லை. 1972 முதல் அயோவா மைதானம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

4–0 என்ற வெற்றியைக் கண்டு 1939இல் எவரும் சிரிக்கவில்லை. காரணம் தெளிவு. அது எல்லோரும் ஆடிய ஆட்டம். அதே பருவத்தில் ரொபேர்ட் நெய்லண்ட் பயிற்றுவித்த டென்னசி அணி, பருவத்தின் பத்து ஆட்டங்களிலும் எதிரணிகளை ஒரு புள்ளியும் பெறவிடாமல் தடுத்தது. நான்காவது முயற்சிவரை காத்திராமல் மூன்றாவதிலேயே, சில வேளைகளில் அதற்கும் முன்னரே, பந்தை உதைத்துவிடுவது அக்காலத்து வழக்கம். பந்தை முன்னோக்கி எறிவது 1906இல் சட்டபூர்வமாகியிருந்தும் அது ஆபத்தான விளையாட்டாகவே கருதப்பட்டது. இன்னொரு காரணமும் உண்டு; நமது கேள்விக்கு அதுவே முக்கியமானது. தாக்கியவர்களும் தடுத்தவர்களும் அதே பதினொருவர். ஆகவே தாக்குதல் தோற்றது, தற்காப்பு வென்றது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. வென்றாலும் தோற்றாலும் ஒரே கணக்கு.

1941இல் வீரர்களை மாற்றும் விதி தளர்த்தப்பட்டது. 1953இல் மீண்டும் இறுக்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் முற்றாகத் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் ஓர் அணி என்பது உண்மையில் மூன்று அணிகள்: தாக்குவதற்கு ஒன்று, தடுப்பதற்கு ஒன்று, உதைப்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்றுவிப்பாளர், தனித்தனிச் சம்பளம், தனித்தனிப் புள்ளிவிபரம். வேலை பிரிந்தபோது கணக்கும் பிரிந்தது. 1939இல் கேட்க முடியாத கேள்வியை இப்போது கேட்க முடிந்தது.

கேர்க் பெரென்ஸ் 1999இல் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். அவர் வளர்த்த ஆட்டமுறை பழைய தலைமுறையை நினைவூட்டுவது. தவறு செய்யாதே, நிலத்தைப் பிடி, எதிரணி தவறு செய்யும்வரை பொறு. 2004 ஒக்டோபர் 23ஆம் திகதி பென் ஸ்டேட் அணியை அயோவா 6–4 என்று வென்றது இந்த முறையின் உச்சம். முன்னணியில் இருந்தபோது, ஆபத்தான இடத்திலிருந்து பன்ட் செய்வதைவிட இரண்டு புள்ளிகளை எதிரணிக்குத் தானாகவே கொடுத்துவிடுவது மேல் என்று பெரென்ஸ் தீர்மானித்தார். தன் தற்காப்பில் அத்தனை நம்பிக்கை. அந்தப் பருவத்தில் அயோவாவின் ஓட்ட வீரர்கள் பலர் காயமடைந்திருந்தனர். ஆயினும் அணி 10 வெற்றிகளுடன் பருவத்தை முடித்தது. பலவீனத்தை அறிந்து அதற்கேற்ப ஆடிய அணி அது. அதை எவரும் குறைகூறவில்லை.

பிரையன் 2017இல் தாக்குதல் பொறுப்பை ஏற்றார். உறவினரை உறவினரே மேற்பார்வை செய்யக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. எனவே மகன் தந்தைக்குக் கீழ் அல்லாமல், விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்குக் கீழ்ப் பணியாற்றுவதாக ஏற்பாடு செய்யப்பட்டது. காகிதத்தில் அது சரி. ஆனால் நாள்தோறும் ஒரே மைதானத்தில், ஒரே திட்டத்தின் கீழ், தந்தையின் விருப்பப்படி ஆட்டத்தை வகுக்கும் ஒருவரை மூன்றாமவர் மேற்பார்வை செய்வது எங்ஙனம்? அரசு அலுவலகங்களையும் தனியார் நிறுவனங்களையும் பற்றி நீண்ட காலம் எழுதியவன் என்ற முறையில், இத்தகைய ஏற்பாடுகள் பொறுப்பை மாற்றுவதில்லை, மங்கச்செய்யவே செய்கின்றன என்று சொல்வேன்.

2022 செப்டெம்பர் 3ஆம் திகதி அயோவா தன்னைவிட ஒரு படி கீழான பிரிவில் ஆடும் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7–3 என்று வென்றது. ஏழு என்றதும் ஒரு டச்டவுன் என்றே எவரும் எண்ணுவர். இல்லை. ஒரு பீல்ட் கோல், இரண்டு சேப்டிகள். 1939இல் பேர்டியூவை வென்ற அதே இரண்டு சேப்டிகள்! அன்று காவியமானது இன்று கேலியானது. அந்தப் பருவத்தில் அயோவாவின் சராசரி 17.7 புள்ளிகள். இதன் பின்னரே 25 புள்ளிகள் ஒப்பந்தம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 25 என்ற கணக்கில் தற்காப்பு அணி பந்தைப் பறித்துப் பெறும் புள்ளிகளும், பன்ட்டைப் பிடித்து ஓடிப் பெறும் புள்ளிகளும் சேரும். தாக்குதல் பயிற்றுவிப்பாளரின் தகுதியை அளக்க எழுதிய அளவுகோலில் மற்றவர்களின் உழைப்பும் அவரது வரவாகவே பதியும். பிரிந்த கணக்கை மீண்டும் கலந்துவிட்டார்கள்.

2023 பருவம் தொடங்கியது. மிச்சிகனிலிருந்து வந்துசேர்ந்த குவாட்டர்பக் கேட் மக்நமாரா செப்டெம்பர் 30ஆம் திகதி காயமடைந்து பருவத்தை இழந்தார். பந்தைப் பிடிப்பதில் சிறந்த இருவரும் காயத்தால் விலகினர். பிரையனின் பக்கத்து நியாயமாக இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் மக்நமாரா காயமடைவதற்கு முன்னரே, செப்டெம்பர் 23ஆம் திகதி பென் ஸ்டேட்டுக்கு எதிரே அயோவா 0–31 என்று தோற்றிருந்தது. அன்று பென் ஸ்டேட் ஆடிய முயற்சிகள் 97, அயோவா ஆடியவை 33. அயோவா முன்னேறிய மொத்தத் தூரம் 76 யார்.

அதற்கப்பால் வெற்றிகள் வரத் தொடங்கின. விஸ்கொன்சினை 15–6. நோர்த்வெஸ்டேர்னை, சிக்காகோவின் ரிக்லி மைதானத்தில், கடைசி 14 விநாடிகள் இருக்கையில் உதைத்த 53 யார் பீல்ட் கோலால் 10–7. ரட்கேர்ஸை 22–0. இலினோயை 15–13. நெப்ராஸ்காவை, நேரம் முடியும் கணத்தில் உதைத்த பந்தால் 13–10. விஸ்கொன்சின் ஆட்டத்தில் பந்தை எறிந்து அயோவா முன்னேறிய தூரம் 37 யார் மட்டுமே. பந்தயக்காரர்கள் நெப்ராஸ்கா ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து பெறக்கூடிய புள்ளிகளை ஏறத்தாழ 25 என்று கணித்தனர். அயோவா தனியே பெற வேண்டியதாக ஒப்பந்தம் விதித்த எண்ணிக்கை அது! அதற்கும் எட்டாமல் 23இல் ஆட்டம் முடிந்தது.

இந்த வெற்றிகளைச் சுமந்தவர்கள் இரு சாரார். ஒரு சாரார் பில் பார்க்கரின் தற்காப்பு வீரர்கள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த உதவிப் பயிற்றுவிப்பாளருக்கான புரோய்ல்ஸ் விருது பார்க்கருக்கே கிடைத்தது. ஒரே பயிற்றுவிப்பாளர் குழுவில் நாட்டின் மிகச் சிறந்தவரும் இருந்தார், பதவியிழந்தவரும் இருந்தார்.

மற்றவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலிருந்து வந்த டோரி டெய்லர். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் பழகிய கால்களுடன் வந்து பன்ட் செய்தவர். 2023 பருவத்தில் அவர் உதைத்த பன்ட்கள் 93. மொத்தத் தூரம் 4,479 யார். மிச்சிகன் ஸ்டேட்டின் ஜொனி பிங்கல் 1938இல் நிறுவிய 4,138 யார் சாதனை இதனால் முறிந்தது. பந்தை விரைவில் உதைத்துவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தின் சாதனை 85 ஆண்டுகள் நின்றதில் வியப்பில்லை. அதை முறிக்க, அந்தக் காலத்தைப் போலவே ஆடும் ஓர் அணி தேவைப்பட்டது.

'பன்ட் செய்வதே வெற்றி' என்ற வாசகம் பொறித்த ரீசேர்ட்டுகள் டெய்லரின் பெயரில் விற்பனையாயின. வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்தமையால் அந்தப் பணத்தை அவர் எடுக்க முடியவில்லை. இறந்து பிறக்கும் சிசுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பாடுபடும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அது சென்றது. அணியின் குறைபாடு ஒருவரைப் புகழ்பெறச் செய்தது. அந்தப் புகழின் வருமானம் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. இந்தக் கதையில் மனம் நிறையும் பகுதி இதுவே.

ஒக்டோபர் 21ஆம் திகதி மினசோட்டாவிடம் அயோவா 10–12 என்று தோற்றது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் கூப்பர் டிஜீன் பன்ட் ஒன்றை எடுத்து 54 யார் ஓடி எல்லையைத் தாண்டினார். மைதானம் ஆர்ப்பரித்தது. ஆனால் பந்து விழுகையில் அவர் கையை அசைத்தது, ஓடப்போவதில்லை என்ற சைகையாகக் கொள்ளப்பட்டு, அந்தப் புள்ளிகள் ரத்தாயின. நடுவர்கள்மீது எழுந்த கோபத்தில் ஒரு விடயம் மறைந்துபோனது: அன்றைய ஆட்டத்தில் அயோவாவின் தாக்குதல் முன்னேறியது மொத்தம் 127 யார் மட்டுமே. ஒற்றைப் பன்ட் ஓட்டத்தில் தங்கியிருக்க வேண்டிய நிலைக்கு அணியைக் கொண்டுவந்தவர் நடுவர் அல்லர்.

ஒன்பது நாட்களின் பின், ஒக்டோபர் 30ஆம் திகதி, இடைக்காலப் பணிப்பாளர் பெத் கெட்ஸ், பருவ முடிவுடன் பிரையன் விலகுவார் என்று அறிவித்தார். அப்போது அணியின் நிலை ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. அறிவிப்புக்குப் பின்னரும் அணி எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்றது என்பது குறிப்பிடத்தக்கது. பதவி போய்விட்டது என்று தெரிந்தும் தன் கடமையைச் செய்த மகனையும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் செய்தியாளர்களை எதிர்கொண்ட தந்தையையும் எண்ணிப் பார்க்கிறேன். புள்ளிவிபரத்தில் இவை வருவதில்லை.

டிசெம்பர் 2ஆம் திகதி மிச்சிகனுக்கு எதிரான சம்பியன் ஆட்டத்தில் 0–26. 2024 ஜனவரி 1ஆம் திகதி டென்னசிக்கு எதிரே 0–35. பருவத்தின் முழுக் கணக்கு இது: 14 ஆட்டங்கள், 10 வெற்றிகள், பெற்ற புள்ளிகள் 216, சராசரி 15.4. முன்னேறிய தூரத்தில், முதற்பிரிவின் 133 அணிகளுள் கடைசி இடம். நான்கு தோல்விகளில் மூன்றில் ஒரு புள்ளிகூட இல்லை. தனக்குச் சமமானவர்களிடமும் குறைந்தவர்களிடமும் தற்காப்பு அணி அந்தக் குறையை மூடிவிட்டது. தன்னிலும் வலியவர்களை எதிர்கொண்ட நாட்களில் மூடுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் படிப்பினை எளிதாக இருந்திருக்கும். 2024இல் டிம் லெஸ்டர் என்ற புதிய தாக்குதல் பயிற்றுவிப்பாளர் வந்தார். ஓட்ட வீரர் கேலெப் ஜோன்சன் 1,500 யாருக்கு மேல் ஓடினார். அயோவாவின் சராசரி 27.7 புள்ளிகளாக உயர்ந்தது. பிரையனுக்கு விதித்த 25ஐ அணி தாண்டிவிட்டது. வெற்றிகளோ எட்டு; தோல்விகள் ஐந்து. அதாவது புள்ளிகள் பெருகிய ஆண்டில் வெற்றிகள் குறைந்தன. எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த சராசரியும் 14.8இலிருந்து 17.8 ஆனது. போட்டி அட்டவணையும் முன்னைய ஆண்டைப் போன்றதன்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் பிரையனை நீக்கியது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. தாக்குதல் என்பது ஓர் அணியின் கடமைகளுள் ஒன்று. மற்றவர்கள் வென்று தருகிறார்கள் என்பதற்காக அந்தக் கடமை தள்ளுபடியாகாது. 2023இன் தற்காப்பு வீரர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு தவறும் செய்ய முடியாத நிலையில் ஆடினர். இருபது வயது இளைஞர்கள் மீது ஏற்றிய அந்தச் சுமை நியாயமானதன்று. 10 வெற்றிகள் என்ற எண் அந்தச் சுமையைக் காட்டாது. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இறுதி முடிவுக்குத்தான் தலைப்பு. அதை யார் தாங்கினார்கள் என்பது உள்ளே எங்கோ ஒரு வரி.

ஆனால் ஒப்பந்தம் தவறானது என்றே நினைக்கிறேன். 1939இன் அயோவா ஒன்றாக நின்று 4–0 என்று வென்றது. 2004இன் அயோவா தன் குறையை வெளிப்படையாக ஏற்று 6–4 என்று வென்றது. 2023இல் குறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தந்தை மகனிடமோ பணிப்பாளர் தந்தையிடமோ நேரே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதி, அந்த எண்ணே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டார்கள். பருவம் முழுவதும் அயோவா நகரத்து மக்கள் வெற்றியை எண்ணாமல் 25ஐ எண்ணிக்கொண்டிருந்தனர். நிர்வாகத்தில் மிகச் சங்கடமான பேச்சைத் தவிர்ப்பதற்கு மனிதர் கண்டுபிடித்த கருவிகளுள் இலக்கு எண்ணும் ஒன்று.

கேர்க் பெரென்ஸ் தொடர்ந்தும் பயிற்றுவித்தார். 2025 செப்டெம்பரில், பிக் டென் கூட்டமைப்பின் வரலாற்றிலேயே அதிக வெற்றிகள் பெற்ற பயிற்றுவிப்பாளர் என்ற பெருமை, ஒஹாயோ ஸ்டேட்டின் வூடி ஹேய்ஸை முந்தி அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 நவம்பர் 29ஆம் திகதி, நெப்ராஸ்கா மீண்டும் அயோவாவுடன் மோதியது. புதிய பயிற்றுவிப்பாளர், புதிய திட்டம், பெருகிய புள்ளிகள். அன்றும் கடைசி நேரத்து உதை ஒன்றே ஆட்டத்தைத் தீர்த்தது. முடிவு: அயோவா 13, நெப்ராஸ்கா 10.